ஈசிஜி நார்மல் என்றால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமா?

கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் சொன்னது இது: "அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. போன வாரம் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சை ஏதோ அடைக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, நார்மல் என்று சொல்லி, கேஸுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் மறுபடியும் வலி, இந்தத் தடவை முதுகுக்கும் போனது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு கையிலும் பிபி பார்த்தார்கள், சிடி எடுத்தார்கள், இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். முதலில் பார்த்தவர் தப்பு செய்துவிட்டாரா? புதுச்சேரியில் இத்தனை டெஸ்ட் எடுத்தது அவசியம்தானா, காசுக்கா? ஸ்டென்ட் வைத்த பிறகும் எதற்கு இவ்வளவு மாத்திரை?"

நான் பொது மருத்துவம் படித்தவன். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், அதில் பாதி நைட் ட்யூட்டி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அப்பாவை நேரில் பார்க்கும் டாக்டர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் கேள்வி. அன்று ராத்திரி எடுத்த ஈசிஜி உண்மையிலேயே நார்மலாக இருந்திருக்கலாம். அந்தத் தாளைப் படித்ததில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஒரு தாளை நம்பி வீட்டுக்கு அனுப்பியதுதான் தவறு.

ஈசிஜி சுமார் பத்து வினாடி நேரத்துக்கு இதயத்தின் மின்னோட்டத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பதிவு செய்கிறது. அவ்வளவுதான். 2011-ல் கடலூரைத் தாக்கிய 'தானே' புயலுக்கு இரண்டு நாள் முன்னால் நம் சில்வர் பீச்சில் நின்று ஒரு போட்டோ எடுத்திருந்தால் அதில் புயல் விழுந்திருக்குமா? அது மாதிரி. ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது அதன் மேல் ரத்தம் உறையத் தொடங்குகிறது. அந்தக் கட்டி ஒரே மூச்சில் குழாயை அடைத்துவிடும் என்றில்லை. உறையும், கொஞ்சம் கரையும், மறுபடி உறையும். கரைந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் வலி விட்டிருக்கும், ஈசிஜியும் சாதுவாக இருக்கும். நாமும் ஊசியில் கேஸ் இறங்கிவிட்டது என்று நிம்மதி அடைவோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இதயத்தின் பின்சுவருக்குப் போகும் குழாய் அடைத்தால் மார்பின் முன்பக்கம் ஒட்டிய கம்பிகளுக்கு அது சரியாகத் தெரியாது. முதுகுப் பக்கம் மூன்று கம்பிகளை ஒட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்குத் தனி மெஷின் எதுவும் வேண்டாம், அதே கம்பிதான், இடத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே. பரபரப்பான இரவில் இதைச் செய்பவர்கள் குறைவு. நானும் பல நாள் செய்ததில்லை.

அதனால்தான் நெஞ்சு வலியோடு வருபவருக்கு முதல் ஈசிஜி சுத்தமாக இருந்தாலும், வலி தொடர்ந்தால் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை திரும்ப எடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு ஈசிஜியைவிட இரண்டு ஈசிஜிக்கு நடுவில் வந்த மாற்றம்தான் பேசும். 61 வயது, சர்க்கரை, பீடி, வியர்வை, இந்த நான்கும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கும்போது "கேஸ்" என்பது கடைசியாக வர வேண்டிய பதில்.

இரண்டு தடவை ரத்தம் எடுத்தது இதே காரணத்துக்காகத்தான். டிரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். கசிந்து, பரிசோதனையில் தெரிகிற அளவுக்கு வர நேரம் பிடிக்கும். சாதாரண முறையில் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். இப்போதுள்ள அதிநுட்ப முறையில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்து முடிவு சொல்லிவிடலாம். வலி வந்த அரை மணியில் எடுத்த டிரோபோனின் இல்லை என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. மறுபக்கம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது எப்போதுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். அவர்களுக்கும் ஒரு எண்ணை வைத்து மாரடைப்பு என்று சொல்ல முடியாது. எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே அந்த இரண்டாவது ரத்தப் பரிசோதனைக் காசு வீண் இல்லை.

இதை நான் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லவில்லை, பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாகூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நடுராத்திரியில் வந்தார். ஐம்பது சொச்சம் வயது, பத்து வருடச் சர்க்கரை. நெஞ்சு வலி இல்லவே இல்லை. இரண்டு தடவை வாந்தி, ஒரே அசதி, "உடம்பு ஒரு மாதிரியா இருக்குங்க சார்" என்றார். வாந்திக்கு ஊசி போட்டு, ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டேன். ஈசிஜி எடுக்கவே இல்லை. காலையில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வந்தார். பிழைத்தார், ஆனால் எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, அதாவது பம்பிங், 30 சதவீதம் (55-க்கு மேல் இருந்தால் சரி). சர்க்கரை நீண்ட நாள் இருந்தால் வலியைச் சொல்லும் நரம்புகளே மந்தமாகிவிடும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலிக்குப் பதிலாக மூச்சிரைப்பு, தாடை வலி, குமட்டல், காரணமில்லாத சோர்வு என்று வரலாம். அந்த அம்மாவுக்குப் பிறகு, தொப்புளுக்கு மேலே எது என்று சர்க்கரைக்காரர் சொன்னாலும் முதலில் ஈசிஜி என்று வைத்துக்கொண்டேன். நர்ஸ்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சரி, இரண்டு கையிலும் பிபி, அப்புறம் சிடி. உங்களுக்குச் சந்தேகம் வந்த இடமே இதுதான் என்று தெரிகிறது. என் கணிப்பில் அந்த இரவில் நடந்த மிக நல்ல மருத்துவம் இதுதான்.

நெஞ்சு வலி முதுகுக்குப் போனது என்றீர்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய், மகாதமனி, மேலே வளைந்து முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அதன் சுவர் மூன்று அடுக்கு. பல வருடம் கட்டுப்பாடில்லாத பிபியில் அடி வாங்கிய சுவரில் உள் அடுக்கு கிழிந்துவிட்டால், ரத்தம் அந்தக் கிழிசலுக்குள் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே ஓடும். சுவர் பிரிந்து, நிஜப் பாதைக்குப் பக்கத்திலேயே பொய்ப் பாதை ஒன்று உண்டாகிவிடும். அந்தப் பொய்ப் பாதை ஒரு கைக்குப் போகும் குழாயை நசுக்கினால் அந்தக் கையில் பிபி குறையும். இரண்டு கைக்கும் மேல் அளவில் 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காது விடைக்க வேண்டும். கைக்கு இரண்டு நிமிடம், செலவு சுத்தமாக இல்லை. எத்தனையோ இடத்தில் இதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வலியின் சுபாவமும் வேறு. மாரடைப்பு வலி பெரும்பாலும் மெல்ல ஏறும், அழுத்தும், "கல்லைத் தூக்கி வைத்த மாதிரி" என்பார்கள். மகாதமனி கிழியும் வலி வந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும், கிழிப்பது போல இருக்கும், இடம் நகரும். ஆனால் எல்லாருக்கும் பாடப் புத்தகம் மாதிரி வருமா என்ன? அதனால் சந்தேகம் என்றாலே சாயம் ஏற்றி சிடி ஆஞ்சியோ எடுத்துவிட வேண்டும். ஏன் இவ்வளவு கவலை என்றால், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். மாரடைப்புக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறோம், கட்டியைக் கரைக்க ஊசி போடுகிறோம். கிழிந்த மகாதமனிக்கு அதே ஊசியைப் போட்டால் ஆளைக் கொன்றுவிடும். இதயத்தை ஒட்டிய மேல் பகுதியில் கிழிந்திருந்தால் உடனடி அறுவை சிகிச்சை. ஆரம்பத்தில் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் நூற்றில் ஒன்றிரண்டு பேர் இறக்கிறார்கள் என்று கணக்கு. கீழ்ப் பகுதியில் மட்டும் என்றால் பெரும்பாலும் மருந்துதான்: நாடித்துடிப்பை 60-க்குக் கீழேயும், மேல் பிபியை 120-க்குக் கீழேயும் கொண்டுவந்து நிறுத்துவது. உங்கள் அப்பாவுக்கு அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆஞ்சியோவுக்குத் தைரியமாகப் போயிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சிடிக்கு ஒரு தடவை, ஆஞ்சியோவுக்கு ஒரு தடவை என்று அவருக்குச் சாயம் இரண்டு முறை ஏறியிருக்கிறது. சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது சுமை. டிஸ்சார்ஜ் தாளில் கிரியாட்டினின் அளவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரத்திலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தியிருந்தால், எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று: அடுத்த தடவை எங்கே ஓடுவது? கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. (பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. ஸ்டெதஸ்கோப் பாரிஸில் பிறந்து ஏழே வருடம் ஆகியிருந்த நேரம்.) கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தூரம் பிரச்சினை இல்லை. நான் பார்த்தவரை நேரம் போவது வீட்டில்தான். சோடா, ஜெலுசில், நெஞ்சில் தைலம், மச்சானுக்கு போன், மச்சான் வந்து பார்த்துவிட்டு "காலையில் பார்க்கலாம்" என்பது. இதிலேயே மூன்று மணி நேரம்.

ஈசிஜியில் அப்பட்டமாகத் தெரியும் பெரிய மாரடைப்பு என்றால், அதிலிருந்து 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறை) அடைப்பைத் திறக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றால் நேராக அங்கே. முடியாது என்றால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்தால், இருக்கிற இடத்திலேயே கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சின்ன மருத்துவமனைகளை ஒரு பெரிய மருத்துவமனையோடு இணைத்து, ஊசி போட்டு, அனுப்பி, ஆஞ்சியோ செய்கிற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலேயே 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருட இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-ஆகக் குறைந்தது. "சின்ன ஆஸ்பத்திரியில் எதற்கு ஊசி, நேராகப் பெரிய இடத்துக்கே போய்விடலாம்" என்று உறவினர்கள் கையெழுத்துப் போட மறுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வரும். போட்ட ஊசி ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிவிடும் என்பதால் அடுத்த தடவை வேறு மருந்துதான் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 300 மி.கி., குளோபிடோக்ரெல் 300, அடோர்வாஸ்டேட்டின் 80. மேலே சொன்ன மகாதமனி விவகாரம் இருப்பதால் இதை வீட்டில் நீங்களாகவே கொடுக்காதீர்கள், அங்கே இருப்பவர் பார்த்துக் கொடுக்கட்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் அப்படித்தான். பிபி இறங்கியிருப்பவருக்கு வைத்தால் மயங்கி விழுவார். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் உட்கார வைத்துக் கொடுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஓட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பில் முதல் மணி நேரத்தில் இறப்பவர்கள் பெரும்பாலும் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுதான் இறக்கிறார்கள். அதற்கு மருந்து மின் அதிர்ச்சி, பைக்கில் அது கிடையாது. விழுந்துவிட்டால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்க அழுத்துங்கள். பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

இனி மாத்திரை. ஸ்டென்ட் என்பது ஒரு இடத்தை விரித்து வைக்கும் வலைக் குழாய். 1986-ல் பிரான்ஸில் துலூஸ் நகரில் முதன்முதலாக மனிதருக்கு வைத்ததிலிருந்து எவ்வளவோ மாறியிருக்கிறது, ஆனால் அது அந்த ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மட்டும்தான் காவல். நோய் குழாய் முழுவதிலும் இருக்கிறது. அதற்குத்தான் மாத்திரை.

அதில் இரண்டு, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்க. ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர். வழக்கமாக இரண்டும் சேர்த்து 12 மாதம், அப்புறம் ஒன்று மட்டும் தொடரும். புது ஸ்டென்டின் மேல் உட்தோல் மூடி வளரும்வரை அது ரத்தத்துக்கு அந்நியப் பொருள். முதல் சில மாதத்தில் இந்த மாத்திரையை நிறுத்துவதைவிட ஆபத்தான காரியம் எனக்குத் தெரியவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் "ரத்தம் வரும், ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாங்க" என்று சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர், ஐந்தாவது நாள் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து என்னிடம் வந்திருக்கிறார். ஒரு பல்லைப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே எடுக்கலாம். யார் நிறுத்தச் சொன்னாலும் ஸ்டென்ட் வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள். டிகாக்ரெலர் சிலருக்கு மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு உணர்வைத் தரும். அதற்கும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்றித் தருவார்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதும், கால் வீங்குவதும் வேறு கதை, அது இதயம் திணறுவதன் அடையாளம். அதற்கு உடனே போக வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத்தான் நம் ஊரில் முதலில் கைவிடுகிறார்கள். "கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்துடுச்சே சார்." மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல். அதோடு, ரிப்போர்ட் ஓரத்தில் அச்சடித்த நார்மல் அளவு மாரடைப்பு வந்தவருக்கு இல்லை. இவருக்குக் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்க வேண்டும். தாங்க முடியாத தசை வலி வந்தால் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். பிபிக்கும் இதயத் தசைக்கும் கொடுக்கும் '-பிரில்' என்று முடியும் மாத்திரையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதற்கு டானிக் வாங்கிக் குடிக்காமல் டாக்டரிடம் சொன்னால் '-சார்டன்' என்று முடியும் மாத்திரைக்கு மாற்றுவார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை இனிமேல் கூடாது.

பீடியைப் பற்றி நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள்: நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறதா? அப்படி என்றால் காலுக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் பிபி எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கால் அளவு கை அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்புதான். உப்பு ஏறிய கருவாட்டை விடச் சொன்னால் கடலூர்க்காரர் என்னை விடமாட்டார் என்று தெரியும். பம்பிங் நன்றாக இருந்தால் என்றைக்கோ ஒரு துண்டு, நன்றாக அலசியது, போகட்டும். குறைவாக இருந்தால் வேண்டாம். அப்போது வீட்டில் ஒரு எடை மெஷினும் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்க்கட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடம்பில் கோத்த நீர்.

கடைசியாக ஒன்று. டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ஈசிஜியை இன்றைக்கே போட்டோ எடுத்து அப்பா போன், அம்மா போன், உங்கள் போன் மூன்றிலும் வையுங்கள். அந்த வழவழத் தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில், பிளாஸ்டிக் கவருக்குள், ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். அடுத்த முறை எந்த ஊரில், எந்த ட்யூட்டி டாக்டர் முன்னால் போய் நின்றாலும், புதுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு பழைய தாள் வேண்டும்.